சிஸ்டர் தூங்குவதற்கு ஒரு ஆப்

எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கேட்டில் துண்டு தொங்கினால், அந்த வீட்டு ஆண் நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்குகிறார் என்று அர்த்தம். இதை யார் ஆரம்பித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. மைன்ஸ், அனல்மின் நிலையம், பெர்மனென்ட், கான்ட்ராக்ட் என்று நெய்வேலி டவுன்ஷிப்புக்குள் எத்தனையோ பிரிவு இருக்கிறது. துண்டுக்கு மட்டும் எல்லோரும் கட்டுப்படுவார்கள். கீரைக்காரம்மா அந்த வீட்டைத் தாண்டும் வரை வாயைத் திறக்க மாட்டார். பிள்ளைகள் பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். பக்கத்து வீட்டில் மிக்ஸி போடாமல் இட்லிக்குப் பொடியோடு சமாளித்துக்கொள்வார்கள்.

என் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கும் நைட் ட்யூட்டி உண்டு. நாங்கள் குடியிருக்கும் குவார்ட்டர்ஸே அவள் பேரில் கொடுத்ததுதான். நான் பஜாரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தவன். எல்லோர் கையிலும் போன் வந்த பிறகு கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ள யாரும் வரவில்லை. சென்டரை மூடிவிட்டு வீட்டோடு இருக்கிறேன். தெரு ஆண்கள் என்னை "பெர்மனென்ட் ஜெனரல் ஷிப்ட்" என்பார்கள். நைட்டே வராத பகல் ஷிப்ட் என்கிற கிண்டல்தான். ஆனாலும் நெய்வேலியில் பெர்மனென்ட் என்ற சொல்லை யார் என்னைப் பார்த்துச் சொன்னாலும் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

தெருவில் யாருக்கு உடம்புக்கு என்ன வந்தாலும் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். பிரஷர் பார்க்க, சுகர் பார்க்க, டாக்டர் எழுதிக் கொடுத்த ஊசியைப் போட, எழுதிக் கொடுத்த மாத்திரையைச் சாப்பிடலாமா என்று கேட்க. அவளும் முகம் சுளிக்க மாட்டாள். வெளியில் நின்று நான் "தூங்குறாங்க, அப்புறம் வாங்க" என்று சொன்னாலும், என் குரலும் அவர்கள் குரலும் சேர்ந்து அவளை எழுப்பிவிடும். எழுந்தால் வந்துவிடுவாள். பெல்லைக் கழற்றி வைத்தேன். கேட்டின் கொண்டியை ஆட்டினார்கள்.

ஒரு காலையில், அவள் நைட் முடித்து வந்து படுத்ததும், நானும் கேட்டில் ஒரு துண்டைக் கட்டினேன். வெள்ளைத் துண்டு, புதுசு. சற்று நேரத்தில் எதிர் வீட்டு அக்கா பூனை போல வந்து, கேட்டைச் சத்தமில்லாமல் திறந்து, கதவை விரல் நுனியால் தட்டினார். அவர் வீட்டுக்காரர் மைன்ஸில் ஷிப்ட் பார்க்கிறவர். துண்டு கட்டுவதில் அக்காவை மிஞ்ச ஆள் கிடையாது. நான் கதவைத் திறந்ததும் பதறிப்போனார்.

"ஐயையோ சார், உங்களை எழுப்பிட்டேனா? துண்டைப் பாத்துட்டு மெதுவாத்தான் வந்தேன். நீங்க போயி படுங்க. சிஸ்டரைத்தான் பாக்கணும், சுகர் செக் பண்ண."

துண்டு என்றால் ஆண் தூங்குகிறான். எங்கள் தெருவின் சட்டப் புத்தகத்தில் அதற்கு மேல் ஒரு வரியும் இல்லை. நான் விளக்கிச் சொல்ல வாயெடுப்பதற்குள் உள்ளேயிருந்து, "வாங்கக்கா" என்று அவள் குரல் வந்துவிட்டது.

அந்த மாதத்தில்தான் அவள் ஸ்கூட்டரோடு விழுந்தாள். காலையில் ட்யூட்டி முடித்து வரும்போது, நேரான ரோட்டில், கண் அசந்துவிட்டது. வண்டி யாரோ ஒருவருடைய குவார்ட்டர்ஸின் செம்பருத்தி வேலிக்குள் போய் நின்றது. முழங்கையில் சிராய்ப்பு, வண்டியில் ஒரு கண்ணாடி உடைந்தது, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கண்ணு மூடினதே எனக்குத் தெரியலைங்க. வேலிக்குப் பதிலா பஸ்ஸு வந்திருந்தா?"

இனிமேல் நானே கொண்டுபோய் விட்டு, நானே கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றேன்.

"ரோட்டுல நீங்க ஓட்டுவீங்க. வார்டுல யாரு ஓட்டறது?" என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "பகல்ல தூக்கம் இல்லாம என்னால நைட் பாக்க முடியாது. அடுத்த நைட் முறை முடியறதுக்குள்ள ஒரு வழி பொறக்கலன்னா, எழுதிக் குடுத்துட்டு வந்துடப் போறேன்."

அந்த வேலை அவளுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். வார்டில் யாராவது ஒருவர் தேறி எழுந்து உட்கார்ந்தால், அன்று வீட்டில் பாட்டுப் பாடிக்கொண்டே சமைப்பாள். அந்த வேலையைத் தூக்கத்துக்காக விட வேண்டுமா? எனக்குத் தெருவின் மேலும் கோபம் வந்தது, அந்தத் துண்டின் மேலும் கோபம் வந்தது. கோபப்பட்டு என்ன செய்வது? எனக்குத் தெரிந்தது கம்ப்யூட்டர் ஒன்றுதான். ஆப் செய்வது என்று முடிவெடுத்தேன்.

கொஞ்ச நாளாகவே வீடியோ பார்த்து ஆப் எழுதக் கற்றுக்கொண்டிருந்தேன். ஆண்ட்ராய்டில் ஒரு விசேஷம் உண்டு. செட்டிங்ஸுக்குள் போய் போனைப் பற்றிய பக்கத்தில் ஒரு குறிப்பிட்ட வரியைத் தட்டிக்கொண்டே இருந்தால், "நீங்கள் இப்போது ஒரு டெவலப்பர்" என்று போனே சொல்லிவிடும். இவ்வளவு சுலபமாகப் பட்டம் கொடுக்கும் இடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அன்றைக்கு முழுவதும் என் நடையே மாறிவிட்டது என்று என் மனைவி சொன்னாள்.

என் லேப்டாப் சென்டர் காலத்தது. அதற்குள் போன் மாதிரி ஒன்றைத் திரையில் ஓட்டிப் பார்க்க ஒரு வசதி இருக்கிறது. அதைத் திறந்தால் லேப்டாப்பின் ஃபேன் அப்பளம் சுடலாம் என்கிற சூட்டோடு இரைய ஆரம்பிக்கும். அந்தச் சத்தத்தில் அவள் எழுந்துவிடக் கூடாதென்று சமையலறையில், அரிசி டின் மேல் லேப்டாப்பை வைத்து வேலை பார்த்தேன். முதல் ஆப் "வணக்கம்" என்று ஒரே ஒரு சொல்லைக் காட்டியது. பெரிய நீல எழுத்தில், திரையின் நடுவில். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய், அப்போதுதான் கண் அயர்ந்திருந்தவளை எழுப்பிக் காட்டினேன்.

அவள் அந்தச் சொல்லை ரொம்ப நேரம் பார்த்தாள். "வணக்கம்" என்று பதிலுக்குச் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்த நைட் முறை முடிவதற்குள் தெருவுக்கான ஆப் தயாரானது. ஒவ்வொருவர் பேருக்கும் ஒரு சின்னக் கதவு. தூங்கப் போகும்போது கதவைத் தொட்டால் மூடிக்கொள்ளும், தெருவில் எல்லோருடைய போனுக்கும் ஒரு செய்தி போகும். வீட்டுக்கு ஒரு கதவு என்று வைத்தால் துண்டின் கதைதான் நடக்கும் என்று தெரிந்து, ஆளுக்கு ஒரு கதவு வைத்தேன். இந்த இடத்தில் என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். ஆப்பைத் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். 'இந்தக் கோப்பு ஆபத்தானதாக இருக்கலாம்' என்று ஒவ்வொரு போனும் எச்சரித்தது. வீடு வீடாகப் போய், ஆபத்தில்லை, நான்தான், என்று சொல்லி ஏற்றிக் கொடுத்தேன். எங்கள் தெரு மொத்தமும் ஆண்ட்ராய்டு. ஐபோன் ஒன்றே ஒன்றுதான், அது என் மனைவியிடம். சிங்கப்பூரில் இருக்கும் அவள் தம்பி புதுசு வாங்கியபோது பழசைக் கொடுத்தது. அதில் என் ஆப் ஏறாது. அதனால் என்ன, அவளுக்காக நான் என் போனில் தொட்டால் போதும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை அவள் நைட் முடித்து வந்து இறங்கியதும், கேட்டருகில் நின்றபடியே அவள் கதவைத் தொட்டு மூடினேன். தெரு முழுக்க ஒரே நேரத்தில் டிங் டிங் என்று கேட்டது. நான் யோசித்து யோசித்து எழுதிய செய்தி எல்லோருக்கும் போனது: 'சிஸ்டர் ட்யூட்டி முடிந்து வந்துவிட்டார். தூங்கப் போகிறார். தயவுசெய்து அழைக்க வேண்டாம்.'

அவள் முகம் கழுவுவதற்குள் கேட்டின் கொண்டி ஆடியது. எதிர் வீட்டு அக்கா. கையில் மாவு ஒட்டியிருந்தது, தோசையை அடுப்பில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் மூலை வீட்டுக்காரர், பிரஷர் பார்க்க. அவருக்குப் பின்னால் காய்ச்சல் குழந்தையோடு இன்னொரு அம்மா. எங்கள் வீட்டில் அந்த நேரத்தில் அத்தனை பேரை நான் பார்த்ததே இல்லை.

"மெசேஜ் வந்துச்சு சார்" என்றார் அக்கா, மூச்சு வாங்க. "தூங்கறதுக்கு முன்னாடி புடிச்சுடலாம்னு ஓடியாந்தேன்."

மூலை வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சூப்பர் ஆப் சார். முன்னெல்லாம் சிஸ்டர் வந்துட்டாங்களா, தூங்கிட்டாங்களான்னு ஒண்ணுமே தெரியாது. குத்துமதிப்பா வந்துகினு இருந்தோம். இப்ப கரெக்டா வந்துடலாம்."

தூக்கத்துக்குக் காவல் வைக்கிறேன் என்று போய், ட்யூட்டி டாக்டர் வந்துவிட்டார் என்று மணியடித்து அறிவித்திருக்கிறேன். அதே காலையில் மைன்ஸ்காரர் ஒருவருடைய கதவும் மூடியது. அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு அவர் வீட்டுப் பக்கம் ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கவில்லை. மனிதர் சாயங்காலம் வரை குறட்டை விட்டுத் தூங்கினார். குரூப்பில் எனக்கு நன்றி வேறு போட்டிருந்தார்.

எல்லோரும் போன பிறகு நான் அவள் முகத்தைப் பார்க்கவே பயந்தேன். அவள் சிரித்தாள். சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணில் நீர் வர, என் செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையானது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு அவளே சொன்னாள். "தூங்கப் போறேன்னு சொன்னா ஓடித்தான் வருவாங்க. அதையேன் சொல்றீங்க? எழுந்துட்டேன்னு மட்டும் சொல்லுங்க. அது வர்ற வரைக்கும் யாரும் வரக்கூடாது."

எவ்வளவு சின்ன விஷயம்! அவள் கதவைத் தூக்கிவிட்டு ஒரே ஒரு பச்சை விளக்கு வைத்தால் போதும். எரிந்தால் வரலாம், எரியாவிட்டால் வரக்கூடாது. இதோ இப்போதே மாற்றிவிடுகிறேன், நீ எழுந்ததும் நான் என் போனில் தொட்டுவிடுகிறேன் என்றேன்.

"நீங்க தொடக்கூடாது. நான் பொரண்டு படுத்தாலே நீங்க எழுந்துட்டான்னு பச்சையைப் போட்டுடுவீங்க. என் போன்ல குடுங்க. நான்தான் அமுக்குவேன்."

அப்படித்தான் நான் ஐபோன் பக்கம் போக வேண்டியதாயிற்று. நல்லவேளை, ஒரு தடவை எழுதினால் இரண்டு போனிலும் ஓடும் என்கிற முறையில்தான் எழுதியிருந்தேன். ஓடும் என்று வீடியோவில் சொன்னவர், அதை ஐபோனுக்குள் ஏற்ற மேக் கம்ப்யூட்டர் வேண்டும் என்பதைக் கடைசி வீடியோவில்தான் சொன்னார். பஜாரில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் பண்ருட்டியிலிருந்து தினமும் வந்துபோகிறவர். அவர் கடையில் பழைய மேக் ஒன்று இருந்தது. "எடுத்துக்கங்க மாஸ்டர், ஆனா கடையிலயே வெச்சு வேலை பாருங்க" என்று ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்.

ஒரே ஆப்தான். ஆனால் ஐபோனுக்குள் போனதும் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்த பெண் மாதிரி எல்லாவற்றுக்கும் தயங்கியது. மேலே எழுதியிருந்த வரியின் பாதி, கேமரா இருக்கும் கறுப்புப் பட்டைக்குள் ஒளிந்துகொண்டது. ஆண்ட்ராய்டில் பின்னால் போக போனிலேயே வழி இருக்கிறது. ஐபோனில் நான் வைத்தால்தான் உண்டு, நான் வைக்கவில்லை. உள்ளே போனவர் உள்ளேயே இருக்க வேண்டியதுதான். இதையெல்லாம்கூடச் சரி செய்துவிட்டேன். ஆப்பிளுக்குக் காசு கட்டாமல் ஏற்றிய ஆப் ஐபோனில் வாரத்துக்கு ஒருமுறை செத்துப்போகும், மறுபடி மேக்கோடு இணைத்து உயிர் கொடுக்க வேண்டும் என்று பாய் சொன்னபோதும் நான் அசரவில்லை.

அசந்தது அதன் பூட்டில்தான். அந்தப் போன் அவள் முகத்தைப் பார்த்துத்தான் திறக்கும். பாஸ்வேர்டைக் கேட்டேன். "ஒண்ணாவது எனக்குன்னு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். ஒருநாள் பகலில், திருத்திய ஆப் சரியாக இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும் என்கிற துடிப்பில், அவள் தூங்கும்போது போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். திறக்கவில்லை. கிட்டே கொண்டுபோனேன். திறக்கவில்லை. கண் திறந்திருந்தால்தான் அது ஒப்புக்கொள்ளுமாம். மூன்றாவது தடவை பிடித்தபோது போன் கோபத்தோடு அதிர்ந்தது, அவள் எழுந்துவிட்டாள்.

"என்னா பண்றீங்க?"

"ஆப்பை டெஸ்ட் பண்றேன்."

"எதுக்கு ஆப்பு?"

"நீ தூங்கறதுக்கு."

அவள் போனை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, அதன் மேலேயே தலையை வைத்துப் படுத்துவிட்டாள்.

அடுத்த நைட் முறை தொடங்குவதற்கு முன்தினம் ஆப் தயாரானது. இந்தத் தடவை செய்தியை மட்டும் நம்பாமல், எதிர் வீட்டு அக்காவிடம் நேரில் போய்ச் சொன்னேன். பச்சை விளக்கு எரியும் வரை வர வேண்டாம், அவசரமென்றால் நேரே ஆஸ்பத்திரி கேஷுவால்டிக்குப் போய்விடுங்கள் என்றேன். ஸ்கூட்டர் வேலிக்குள் போனதையும் சொன்னேன். அதுவரை தெருவில் யாருக்கும் அது தெரியாது. அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"சிஸ்டருக்குத் தூக்கம் வேணும்னு எங்ககிட்ட யாரும் சொல்லலியே சார். நாங்க வந்தா சிரிச்சிகினு வர்றாங்க. தூங்கி எழுந்திருப்பாங்கன்னுதான நெனச்சோம்?" என்றார். பிறகு, "எங்க வூட்டுக்காரரு எழுந்திரிக்கறதுக்கு இத்தினி வருஷமா காத்துகினு இருக்கேன். இதுக்குக் காத்திருக்க மாட்டனா?" என்றார். மூலை வீட்டுக்காரரிடம் தானே சொல்லிவிடுவதாகவும் சொன்னார். அவர் சொன்னால் என் ஆப் சொன்னதைவிட வேகமாகப் போகும்.

முதல் நைட் முடிந்த காலை. அவள் வந்தாள், குளித்தாள், படுத்தாள். தெருவில் டிங் என்று எதுவும் ஒலிக்கவில்லை. கொண்டி ஆடவில்லை. கீரைக்காரம்மா எங்கள் வீட்டைத் தாண்டும் வரை வாயைத் திறக்கவில்லை. அவரிடம் யார் சொன்னார்களோ. நான் லேப்டாப்பைத் தொடவில்லை, ஃபேன் இரையுமே என்று.

மத்தியானம் போயிற்று. பச்சை வரவில்லை. வெயில் சாய்ந்தது, அப்போதும் வரவில்லை. எதிர் வீட்டு அக்கா போனைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கேட்டில் நின்று, என்ன என்பது போல என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். நான் உதட்டைப் பிதுக்கினேன். மூலை வீட்டுக்காரர் காய் வாங்கப் போகிறவர் மாதிரி பையோடு எங்கள் வீட்டு வழியாக அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய் வந்தார். பை காலியாகவே இருந்தது.

ஆப் செத்துவிட்டதோ? அவள் எப்போதோ எழுந்து பட்டனை அமுக்கி, அது வேலை செய்யவில்லையோ? போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் தெரிந்துவிடும். படுக்கையறைக் கதவுவரை போனேன், தட்டக் கையைத் தூக்கினேன், தட்டவில்லை. தட்டாமல் அங்கே நின்றது சுலபமாக இல்லை. சமையலறைக்குத் திரும்பி வந்து டீ போட்டு, அது ஆறியதும் கொட்டிவிட்டு மறுபடி போட்டேன்.

கையிலிருந்த போன் டிங் என்றது. அவள் பேருக்குப் பக்கத்தில் பச்சை.

டீயோடு உள்ளே போனேன். அவள் மல்லாக்கப் படுத்திருந்தாள். முகம் தெளிந்திருந்தது.

"இப்பத்தான் எழுந்தியா?"

"எழுந்து ரொம்ப நேரமாச்சு. அமுக்கத் தோணலை. ஃபேன் சுத்தறதப் பாத்துகினு சும்மா கெடந்தேன்." டம்ளரை வாங்கிக்கொண்டு சொன்னாள். "நான் முழிச்சிகினு இருக்கறது யாருக்குமே தெரியலன்னு நெனச்சப்ப எவ்ளோ நல்லா இருந்துச்சு தெரியுமா? உங்களுக்குக்கூடத் தெரியலை."

பட்டன் போதுமான அளவு பெரிசாக இருக்கிறதா, எழுத்து பட்டைக்குள் ஒளிகிறதா என்று கேட்க எனக்கு நிறைய இருந்தது. கேட்கவில்லை. அவள் டீயைக் குடித்து முடித்தாள். "நைட்டுக்குப் போறேன். போக முடியும்" என்றாள். பிறகு போனை எடுத்து, பச்சையை மறுபடி தொட்டு அணைத்தாள்.

"இன்னும் கொஞ்ச நேரம்" என்றாள்.

கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன். எதிர் வீட்டு அக்கா கேட்டைத் திறந்துகொண்டு பாதி ரோடு வந்திருந்தார். போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார்.